வெறுந்தாளில் எழுபத்தொரு பேர்

காலைப் போட்டோவுக்கு எல்லோரும் நின்றாயிற்று. மண்வெட்டிக்காரர்கள் பின்னால், கூடைக்காரர்கள் முன்னால், முட்டிவலிக்காரர்கள் கரைச் சரிவில் குந்திக்கொண்டு. யாரும் சொல்ல வேண்டியதில்லை, இத்தனை வருஷத்தில் அவரவர் இடம் அவரவருக்கு மனப்பாடம். நாவலஞ்சேரி ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாய் இந்த இடத்தில் கம்பெனிச் சுவரை ஒட்டித் திரும்புகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் இடுப்பளவு நாணல், அதற்குள் டீ கப்புகளும் தெர்மாகோல் துண்டுகளும்.

ரத்னா எதிர்க்கரையில் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடித்தாள்.

"சீக்கிரம் எடுடி" என்று லீலா கத்தினாள். "வெயில்ல கறுத்துப்பூட்டா அப்பால எனக்கு எவன் மாப்ள வருவான்?"

லீலாவுக்குப் பேரன் பிறந்து ஒரு வருஷம் ஆகிறது. கூட்டம் சிரித்தது. ரத்னா சிரிக்கவில்லை. அவள் போனில் ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நூறு நாள் வேலையில் அவள் பணித்தளப் பொறுப்பாளர். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. போட்டோவில் முகம் விழுந்தால்தான் அன்றைய நாள் கணக்கில் ஏறும். விழாவிட்டால் நூறு கூடை மண் அள்ளினாலும் வெட்டி வேலைதான். போட்டோ எடுக்க முதலில் ஊராட்சியின் பெயரை அமுக்க வேண்டும். பிள்ளைப்பாக்கம் இருந்தது. மண்ணூர் இருந்தது. பட்டியலை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். நாவலஞ்சேரியைக் காணோம். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்த ஊர்.

"இன்னாடி, டவர் எடுக்கலியா?"

"அதான் கம்பெனிக்காரன் தலைக்கு மேலயே நட்டு வெச்சிக்கீறானே டவரு" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

பாப்பம்மாள் வரிசையை விட்டு இறங்கிக் கால்வாய்க்குள் போய் மண்ணைக் கொத்த ஆரம்பித்துவிட்டாள். "போட்டோ வரும்போது வரட்டும். மண்ணு நம்மளுக்கோசரம் காத்துகினு குந்தியிருக்குமா?"

அவளுக்கு அறுபத்துமூன்று வயது. புருஷன் இல்லை. மகன் பெண்டாட்டியோடு படப்பையில் வாடகை வீட்டில் இருக்கிறான், பொங்கலுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவக் கேட்டுப் போனபோது ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, ஐம்பதுக்கு மேல் எடுப்பதில்லை என்று கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை மாத்திரையிலிருந்து சாயங்கால டீ வரைக்கும் அவளுக்கு இந்தக் கால்வாய் மண்தான். அதுவும் இல்லையென்றால் மகன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். செத்தாலும் அங்கே நிற்க மாட்டேன் என்பாள்.

ரத்னாவை அவளுக்குப் பிடிக்கும். ரத்னாதான் அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். சோறு தின்ற பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில், ஈர மண்ணில், குச்சியை வைத்துக்கொண்டு. ஆறு எழுத்து வர நாலு மாசம் ஆயிற்று. கடைசி 'ள்' மட்டும் வால் நீண்டு கீழே ஓடிவிடும். பாங்கில் கைநாட்டை எடுத்துவிட்டுக் கையெழுத்தாக மாற்றிய அன்று பாப்பம்மாள் தெரு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். "இனிமே எவனும் என் வெரல புடிச்சி மையில முக்க முடியாது" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ரத்னா கரை ஓரமாக நடந்து ஒன்றிய ஆபீசுக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் எடுத்தாள்.

"நாவலஞ்சேரியா? அது இப்ப ஊராட்சி இல்லக்கா. நகராட்சியில சேர்த்தாச்சு. ஆர்டர் வந்துட்டுது, உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"அப்ப இங்க வேல?"

"நகராட்சிக்கு நூறு நாள் வேலை கிடையாதேக்கா."

ரத்னா திரும்பிப் பார்த்தாள். பாப்பம்மாளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கிவிட்டிருந்தார்கள். ஒருத்தி கொத்த, ஒருத்தி வார, ஒருத்தி கூடையை வாங்கிக் கரையில் கொட்டினாள். நிறுத்துங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஆபீஸ் வரிக்கும் பூட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஊராட்சி அலுவலக வாசலில் ஏணி சாத்தியிருந்தது. பெயிண்டர் பழைய எழுத்தின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். 'நாவலஞ்' போய்விட்டது, 'சேரி' மட்டும் மிச்சம். உள்ளே செயலர் இனியவன் பீரோவிலிருந்த நோட்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாசம்தான் ஆகிறது.

"யார கேட்டு தம்பி சேத்தாங்க?" என்றாள் ரத்னா. "ஒரு வார்த்த ஊருக்கு சொல்ல வேணாம்?"

இனியவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "நீங்கதானேக்கா கேட்டு குடுத்திருக்கீங்க."

பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கோப்பை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தான். நாலு தாள். மேலே யாரோ நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்கள். நாவலஞ்சேரி ஊராட்சிப் பொதுமக்களாகிய நாங்கள், எங்கள் ஊராட்சியை நகராட்சியுடன் இணைக்குமாறு முழுமனதுடன் கேட்டுக்கொள்கிறோம். தேதி, ஆகஸ்ட் பதினைந்து. அதற்குக் கீழே ஒன்றிலிருந்து எழுபத்தொன்று வரைக்கும் வரிசை எண், பெயர், கையெழுத்து.

எண்ணும் பெயரும் ரத்னாவின் கையெழுத்தில் இருந்தன.

அவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் கிராம சபை. அன்றைக்குப் பார்த்துக் கடைசி ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் வீட்டில் அடுப்பு, கோயிலில் அண்டா, உட்கார்ந்து கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆனால் கிராம சபையில் கையெழுத்துப் போடாதவர்களுக்கு மறுவாரம் வேலை கிடையாது என்பது நாவலஞ்சேரியின் எழுதாத சட்டம். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. அதனால் கையெழுத்துக்கு மட்டும் முண்டியடிப்பார்கள்.

"ரத்னா, நோட்டு தீந்துபூட்சி" என்று தலைவர் கண்ணப்பன் நாலு வெள்ளைத் தாளை நீட்டினார். "பேர எழுதி அல்லார் கையிலயும் ஆஜர் வாங்கிடு. அப்பால நோட்டுல ஒட்டிக்கலாம். மேல மட்டும் நாலு வெரல் எடம் வுடு, தலைப்பு போடணும்."

அவள் நாலு விரல் இடம் விட்டாள். இன்னும் சொல்லப்போனால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு விட்டாள். சுத்தமாகச் செய்து பழகிய கை.

பாப்பம்மாளின் முறை வந்தபோது அவளுக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். கோயிலில் மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பாப்பம்மாள் பேனாவை வாங்கிச் சாய்த்துப் பிடித்துப் 'பா'வுக்குக் கோடு இழுக்கப் போனாள். "பெரிம்மா, நீ எழுதி முடிக்கறதுக்குள்ள கூழு ஆறிப்பூடும்" என்று சொல்லி ரத்னா அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் வைத்துவிட்டாள். விரல் சறுக்கி மை தீற்றிக்கொண்டது. "கையெழுத்து போடறவள கைநாட்டு ஆக்கிட்டியேடி" என்று பாப்பம்மாள் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

இப்போது அந்தத் தீற்றல் நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு நேராக இருந்தது.

கண்ணப்பனைத் தேடிப் போனபோது அவர் ஏரிக்கரைக்கு எதிரில் நின்றிருந்தார். நெல் விளைந்த இடத்தில் இப்போது மஞ்சள் கல் நட்டிருந்தது. பிளெக்ஸ் போர்டைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நகராட்சி எல்லைக்குள் வீட்டு மனைகள் என்று அதில் பெரிதாக அச்சடித்திருந்தது. ஊராட்சி மன்றத் தலைவராக ஜெயித்தது கண்ணப்பனின் மனைவி. ஆனால் தலைவர் என்றால் ஊரில் கண்ணப்பன்தான். அந்தம்மா சமையல்கட்டிலிருந்து ஐந்து வருஷமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ரத்னாவுக்கு அவர் அண்ணன் மாதிரி. வாய் வார்த்தைக்கு இல்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் அவள் புருஷன் அன்பு கண்டெய்னர் லாரிக்கு அடியில் போனபோது, போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று இரண்டு நாள் தூங்காமல் அலைந்தவர். பொறுப்பாளர் வேலை வாங்கிக் கொடுத்தவர். கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வேன்கள் அவருடையவை. அவள் மகள் மதிவதனியை அங்கே அசெம்ப்ளி லைனில் சேர்த்துவிட்டவரும் அவரே. அவர் நீட்டிய தாளில் ஏன், எதற்கு என்று கேட்க அவளுக்கு எப்படி வாய் வரும்?

"ஆஜர்னு சொல்லித்தானேண்ணே வாங்க சொன்ன" என்றாள்.

"ஆஜர்தான். தீர்மானத்துக்கு ஆஜர்." கண்ணப்பன் போர்டு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இன்னா இப்ப? ஊரு டவுன் ஆவ வேணாமா? தெரு லைட்டு வரும், பாதாள சாக்கட வரும். எத்தினி நாளிக்கி மண்ணு அள்ளிகினு இருப்பீங்க?"

"பாப்பம்மா பெரிம்மா இன்னாண்ணே பண்ணும்?"

"வயசாயிடுச்சில்ல. வூட்ல குந்தட்டும்."

"வூட்ல குந்தினா சோறு யாரு போடுவா?"

கண்ணப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரொம்ப அக்கறையாகக் கேட்டார். "மதிக்கு வேல எப்டி போவுது? வர்ற மாசம் காண்ட்ராக்ட் புதுசு பண்ணணும்ல?"

ரத்னா திரும்பி நடந்தாள். கூடப் பிறந்தவன் மாதிரி நினைத்தோமே, கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே என்று வயிறு எரிந்தது. அதற்கும் மேலாக அவளுக்குத் தன் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. குழியைப் பறித்த மண்வெட்டி அந்தக் கைதான்.

கால்வாயில் அதற்குள் பதினைந்து அடி தூரத்துக்கு நாணல் போய்விட்டிருந்தது. எல்லோரும் புங்க மரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ரத்னா நின்றபடியே சொன்னாள். ஊர் போய்விட்டது என்றாள். வேலை போய்விட்டது என்றாள். யார் கேட்டார்கள் என்றதற்கு, நாம்தான் என்றாள். வெள்ளைத் தாள் கதையை மறைக்காமல் சொன்னாள்.

லீலா சோற்றுக் கையோடு எழுந்தாள்.

"அப்ப இன்னிக்கி காலைலருந்து அள்ளினது?"

ரத்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"படிக்காதவள படிக்காதவன் ஏமாத்த முடியுமாடி? நீ படிச்சவ. பத்தாவது பாஸ். மேல இன்னா எழுதப்போறீங்கனு ஒரு வார்த்த அவன கேட்டியா? எங்கள வரிசையா நிக்க வெச்சி வித்துட்டியேடி பாவி!"

"வுடு லீலா" என்றாள் பாப்பம்மாள். "அவளுக்கு மட்டும் தெரியுமா? அவளயும் சேத்துதான் ஏமாத்திக்கீறான். புள்ள மூஞ்சிய பாரு, பேயறஞ்ச மாதிரி கீது. நீ குந்து ரத்னா. சாப்ட்டியா?"

அந்தக் கேள்விதான் ரத்னாவால் தாங்க முடியாமல் போயிற்று. வாய்விட்டு அழுதாள்.

மறு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். நாற்பது பேர் பஸ் ஏறிப் போனார்கள். மனுவைப் பாப்பம்மாள் பெயரில் எழுதியது ரத்னா. வழி கண்டுபிடித்தது லீலா. அவளுக்கு நாக்கு மட்டுமல்ல, புத்தியும் கூர்மை.

"நாம போட்டது நம்ம கையெழுத்துதான். இல்லனு சொல்ல முடியாது. ஆனா பாப்பம்மா? பாங்கில அது கையெழுத்து, வேல அட்டையில அது கையெழுத்து. அந்த தாள்ல மட்டும் கைநாட்டு. எப்டி வந்துச்சினு கேட்போம். ஒண்ணு பொய்னா அல்லாமே பொய்தானே? தீர்மானம் செல்லாது. ஊரு திரும்ப வந்துரும், வேல வந்துரும்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ரத்னா மட்டும் தலையாட்டவில்லை. அந்த ரேகை எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். பாப்பம்மாளுக்கும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

விசாரணைக்கு ஆள் வர ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் கால்வாயில் பழையபடி நாணல் தலை தூக்கிவிட்டது. லீலா ஒரு அபார்ட்மென்டில் பெருக்கித் துடைக்கப் போனாள். சிறிசுகள் இரண்டு பேர் கம்பெனி ஹாஸ்டலில், தெற்கத்திப் பிள்ளைகள் தங்குகிற இடத்தில், சப்பாத்தி தேய்க்கப் போனார்கள். பாப்பம்மாளை யாரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் ரத்னா குழம்பு எடுத்துக்கொண்டு போனபோது பாப்பம்மாள் சர்க்கரை மாத்திரையை அரிவாள்மனையில் வைத்துப் பாதியாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பெரிம்மா இது?"

"டாக்டருதான் கொறச்சிக்க சொன்னாரு" என்றாள் பாப்பம்மாள். எந்த டாக்டர் என்று ரத்னா கேட்கவில்லை.

மதியின் காண்ட்ராக்டை இரண்டு மாசத்துக்கு மட்டும் நீட்டித்திருந்தார்கள். கூடச் சேர்ந்த மற்றப் பெண்களுக்கு ஒரு வருஷம். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் கண்ணப்பன் போன் பண்ணினார். குரலில் கோபம் இல்லை.

"நாளிக்கி நீ எதுவும் பேச வேணாம்மா. லிஸ்டு உன் கையெழுத்து, கிழவி வெரல புடிச்சி வெச்சது நீ. நான் தாள் குடுத்தத பாத்தவங்க யாரு? கேஸுனு ஒண்ணு வந்தா உன் தலையிலதான் விடியும். வயசுப் பொண்ண வெச்சிகினு கோர்ட்டுக்கு அலயாத. அண்ணன் சொல்றேன்."

போனை வைத்த பிறகும் ரத்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதி ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபார்மைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

அதிகாரி பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லி ஒரு மணிக்கு வந்தார். அலுவலக வாசலில் புதுப் போர்டு காய்ந்து பளபளத்தது. நகராட்சி, வார்டு இருபத்தேழு. நாவலஞ்சேரி என்ற எழுத்து எங்கேயும் இல்லை. உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியும், பக்கத்து நாற்காலியில் கண்ணப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஏன் அங்கே என்று லீலா கேட்டாள். தலைவரின் சார்பில் என்றார் அதிகாரி. இந்தப் பக்கம் நாற்காலி இல்லை. எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள்.

"வெறும் பேப்பர்ல கையெழுத்து போட்டோம்னு எழுதியிருக்கீங்க" என்றார் அதிகாரி. "உங்க வீட்டுப் பத்திரத்துல இப்படித்தான் வெறும் பேப்பர்ல போடுவீங்களா?"

"வூட்டுக்கு பத்திரம் இருந்தா நாங்க ஏன் சார் மண்ணு அள்ளப்போறோம்" என்றாள் லீலா. யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"பாப்பம்மாள் யாரு?"

பாப்பம்மாள் முன்னால் வந்தாள். துவைத்த புடவை கட்டித் தலையில் எண்ணெய் வைத்திருந்தாள். பாங்குப் புத்தகத்தையும் வேலை அட்டையையும் மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் அடுக்கினாள்.

"நான் கையெழுத்து போடற ஆளு சார். கைநாட்டு வெக்கிறதில்ல."

"போட்டுக் காட்டுங்க."

அவள் பேனாவை வாங்கிக் குனிந்தாள். ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். 'ள்' இன்றைக்கு வால் நீளாமல் கோட்டின் மேலேயே நின்றது. அதிகாரி பாங்குப் புத்தகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு யோசனை வந்தது. லீலா ரத்னாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சரி, அப்ப நாற்பத்திரண்டாம் நம்பர்ல இருக்கறது உங்க ரேகை இல்லையா?"

"நானா வெக்கல சார்."

"நீங்க வெக்கலைன்னா இது மோசடி. ரேகையை டெஸ்டுக்கு அனுப்பணும், போலீசுக்கு எழுதணும்." அவர் தாளைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். "இந்த லிஸ்டை எழுதினது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ரத்னா.

"கையெழுத்து வாங்கினப்போ மேல தலைப்பு இருந்துச்சா, இல்லையா? இவங்க ரேகை எப்படி வந்துச்சு? உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க."

அவளுக்குத் தெரியும். நாலு விரல் இடம். ஸ்கேல். மேளம். சறுக்கிய விரல். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் போதும், தாள் வெறுமையாகத்தான் இருந்தது, நான்தான் விரலைப் பிடித்து வைத்தேன் என்று. கண்ணப்பன் அவளைப் பார்க்கவே இல்லை. தன் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பகல் ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு வந்த அவருடைய வேன் நின்றிருந்தது.

"ஞாபகம் இல்ல சார்" என்றாள் ரத்னா.

லீலா அவள் கையை விட்டுவிட்டாள்.

"ஞாபகம் இல்லன்னா எப்படிம்மா? எழுபத்தொரு பேர் எழுதியிருக்கீங்க. அப்ப இவங்க சொல்றதை வெச்சு உங்க மேல கேஸ் போட்டுடலாமா?"

ரத்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பாப்பம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மரத்தடியில் சாப்பிட்டாயா என்று கேட்ட அதே முகம்தான். ஆனால் இப்போது அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

"என்னுதுதான் சார்" என்றாள் பாப்பம்மாள்.

"எது?"

"அந்த ரேக. என்னுதுதான். அன்னிக்கி கண்ணு சரியா தெரியல, கையெழுத்து வேணாம்னு நானே வெச்சேன். வயசாவுதில்ல, மறந்துபூட்டேன்."

"ஐயோ பெரிம்மா!" என்று லீலா அலறினாள். "இன்னா பேசற நீ?"

"நீ சும்மா இரு லீலா."

அதிகாரி பெருமூச்சு விட்டார். இது எவ்வளவோ சுலபம். கண்ணப்பன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரமாக நிற்கிறார்களே, எல்லோருக்கும் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அதிகாரி ஒரு தாளில் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். மேற்படி ரேகை என்னுடையதே, தீர்மானத்துக்கு முழுமனதுடன் சம்மதித்தேன், மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒவ்வொருவராக வெளியே போக ஆரம்பித்தார்கள். லீலா வாசல்படியில் நின்று திரும்பி ரத்னாவைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

பாப்பம்மாள் பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"கையெழுத்து வேண்டாம்மா" என்றார் அதிகாரி. "அதுல ரேகை, இதுல கையெழுத்துன்னா நாளைக்கு யாராவது கேள்வி கேட்பாங்க. ரேகையே வெச்சுடுங்க, ரெண்டும் ஒத்துப் போகட்டும்." மேஜை இழுப்பறையிலிருந்து மைப் பெட்டியை எடுத்துத் திறந்து தள்ளினார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பாப்பம்மாள் மற்ற நாலு விரல்களையும் மடக்கிக்கொண்டாள். கட்டைவிரலை மட்டும் ரத்னா நின்ற பக்கமாக நீட்டினாள்.

"புடிம்மா" என்றாள். "அன்னிக்கி புடிச்சியே, அதே மாதிரி."

ரத்னா பிடித்தாள். மண்வெட்டிக் காய்ப்பு ஏறிய விரல், இத்தனை வாரமாக வேலை இல்லாமல் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. மையில் ஒற்றி, இடமிருந்து வலமாக உருட்டி வைத்தாள். இந்தத் தடவை சறுக்கவில்லை. ரேகை தெளிவாக விழுந்தது.